கூட வந்தவர்

எங்கள் ஊரில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்தால், நோயாளிக்குக் கட்டில் கிடைப்பதற்குள் அவருக்கு ஸ்டூல் கிடைத்துவிடும். "கூட யாருங்க இருக்கறது?" என்று நர்ஸ் கேட்கும்போது எழுந்து நிற்பவர் அவர்தான். அவர் யாருக்கும் நெருங்கிய சொந்தமில்லை. எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம், ஆனால் ஆஸ்பத்திரி வரைக்கும் வருகிற அளவுக்குச் சொந்தமில்லை. அது அவருக்கு ஒரு தடையாகத் தோன்றியதே கிடையாது.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. வருடாவருடம் மரவள்ளிதான் போடுவார். மஞ்சள் போட்டால் நல்ல விலை வருமே என்று கேட்டால், "மஞ்சளு கைக்கொழந்தையாட்டங்க. அத உட்டுப்போட்டு ஒரு ஆபரேசனுக்குப் போக முடியுமா?" என்பார். ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. வீட்டுக் கதவின் பின்னால் ஆணியில் ஒரு ரெக்ஸின் பை எப்போதும் தயாராகத் தொங்கும். பிளாஸ்க், போர்வை, சோப்பு, டம்ளர், செல்போன் சார்ஜர், கொசுவத்தி எல்லாம் அதில் இருக்கும். போன் வந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பவேண்டியதுதான். யாருக்கு உடம்பு சரியில்லை என்று போனில் கேட்கமாட்டார். அது மரியாதையில்லை என்பது அவர் எண்ணம். நேரில் போய்த் தெரிந்துகொள்வார்.

இத்தனை வருடம் ஆஸ்பத்திரிகளில் உட்கார்ந்திருந்தும் வைத்தியத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. சர்க்கரை, பிரஷர் இரண்டையும் தவிர மற்ற எல்லா நோய்களுக்கும் அவர் வைத்திருந்த ஒரே பெயர் 'உள்ளார ஏதோ' என்பது. "அவருக்கு என்னங்ணா?" என்று கேட்டால், "உள்ளார ஏதோங்க" என்பார். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருந்தது.

தெரிந்ததெல்லாம் வேறு விஷயங்கள். எந்த ஆஸ்பத்திரியில் எந்த லிப்ட் நிற்காது, எந்தக் கேண்டீனில் காபி குடிக்கலாம், எந்த வாட்ச்மேனுக்கு எந்த ஊர். "டாக்டர் பேசும்போது டாக்டர் மூஞ்சியப் பாக்காத சாமி, பக்கத்துல நிக்கற நர்ஸம்மா மூஞ்சியப் பாரு" என்று எனக்கு ஒருமுறை சொல்லிக்கொடுத்தார். நான் பார்த்தேன். அந்த அம்மாள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். "அப்ப ஒண்ணுமில்ல, போலாம்" என்றார்.

அது என் அப்பாவின் குடலிறக்க ஆபரேஷனின்போது. முதல் நாளே வந்துவிட்டார். வந்ததிலிருந்து பேச்சுத்தான். நோயாளி தனியாக யோசித்துக்கொண்டு படுத்திருக்கக் கூடாது, யோசனைதான் பாதி நோய் என்பது அவர் கொள்கை. அப்பாவின் கட்டிலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதே கட்டில்லதானுங்க பருத்திப்பள்ளிக்காரரு படுத்திருந்தாரு. பாவம், தங்கமான மனுசன்" என்றார்.

அப்பா தலையைத் தூக்கி, "அவருக்கு என்னாச்சு?" என்று கேட்டார்.

"அது வேற நோவுங்க. நீங்க படுங்க."

அப்பாவைச் சிரிக்க வைக்கவும் செய்வார். தையல் போட்ட வயிறு, சிரித்தால் வலிக்கும். "சிரிக்காதீங்க, தையல் உட்டுரும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு அடுத்த கதையை ஆரம்பிப்பார்.

இப்படிப்பட்டவரை ஊரே கொண்டாடியது என்று எழுத ஆசைதான். ஆனால் காலை வேளையில் அவர் எதிரில் வந்தால் வண்டியை வேறு தெருவில் திருப்பிக்கொள்கிறவர்களும் இருந்தார்கள். காரணம், அவர் யாரையும் முகத்தைப் பார்த்து விசாரிப்பதில்லை. முதலில் காலைப் பார்ப்பார், வீக்கம் இருக்கிறதா என்று. அப்புறம் கண்ணை. அதற்கப்புறம்தான் "நல்லாருக்கீங்களா?" வரும். அதற்குள் கேட்கப்பட்டவருக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளையின் பெரியப்பாவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "உங்க கண்ணு மஞ்சளா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டார். பெரியப்பா பந்தியிலிருந்து பாதியில் எழுந்தார். இரண்டு பேர் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினார்கள். அவரும் கூடப் போனார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை. மண்டபத்தில் போட்டிருந்தது மஞ்சள் விளக்கு. அந்த விளக்கில் மணப்பெண்ணின் கண்ணும் மஞ்சளாகத்தான் இருந்திருக்கிறது. அதையும் அவர் கவனித்திருக்கிறார். தாலி கட்டி முடியட்டும் என்று சொல்லாமல் இருந்தாராம்.

கொரோனாதான் அவரைப் படுத்தியது. நோய் அல்ல, அந்தச் சட்டம். நோயாளியோடு யாரும் வரக்கூடாது என்றார்கள். வீட்டில் பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார் என்று அவர் மனைவி சொன்னார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, உள்ளே இருப்பவர்களுக்குப் போன் செய்து பேசினார். ஆக்சிஜன் வைத்திருப்பவர்களால் பதில் பேச முடியாது. அதனால் அவருக்குப் பேச நிறைய இடம் கிடைத்தது.

அந்தக் காலம் முடிந்து இரண்டு வருடம் இருக்கும். சேலத்தில் ஒரு பார் திறந்தது.

அதை முதலில் கண்டுபிடித்தவன் என் சிநேகிதன் சலீம். தார்ப்பாய்க் கடை வைத்திருக்கிறான். குடிக்கமாட்டான். எங்கள் விருந்துகளிலெல்லாம் அவன்தான் திரும்பி வரும்போது காரை ஓட்டுவான். ஆனால் எந்த ஊரில் என்ன திறந்தாலும் அவனுக்குத்தான் முதலில் தெரியும். ஜெயில் மாதிரி, குகை மாதிரி, ரயில்பெட்டி மாதிரி ஹோட்டல்களெல்லாம் வந்து பழகிவிட்ட நேரம். இது ஆஸ்பத்திரி மாதிரி பார். அஸ்தம்பட்டியில், ஏற்காடு ரோட்டில், ஒரு ஹோட்டலின் இரண்டாவது மாடி. அந்தப் பக்கம் நிஜக் கிளினிக்குகளே வரிசையாக இருக்கின்றன. போதாததற்கு இவர்களும் வாசலில் பச்சை நிறத்தில் பெரிய கூட்டல் குறியை எரியவிட்டிருந்தார்கள். திறந்த புதிதில் கையில் ஸ்கேன் கவரோடு ஒரு குடும்பமே லிப்டில் ஏறி வந்துவிட்டதாம். விஷயம் தெரிந்த பிறகு, வந்தது வந்தோம் என்று ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுப் போனார்களாம்.

குமரேசன் என்கிற இன்னொரு சிநேகிதன் போர்வெல் லாரி வைத்திருந்தான். அவன் அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தபோது அவர்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டார். புது லாரி வாங்கியதற்கு விருந்து கொடுக்கும்போது அவரையும் அழைத்தே ஆகவேண்டும் என்றான் குமரேசன். அவனே போன் செய்தான். பக்கத்தில் நான் இருந்தேன்.

"ண்ணா, நாளைக்குச் சாயங்காலம் ரெடியா இருங்க. சேலத்துல ஆஸ்பத்திரின்னு ஒரு எடம், போலாம்."

"வாரேன் சாமி" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் கார் போய் நின்றபோது பையோடு நின்றார். யாரும் எதுவும் விளக்கவில்லை. விளக்கியிருக்கலாம். குமரேசன் கண்ணைக் காட்டி வேண்டாம் என்றான், அங்கே போனதும் அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமாம். வண்டியில் அவர் எங்கள் ஒவ்வொருவருடைய காலையும் குனிந்து பார்த்துக்கொண்டார். ஆட்டையாம்பட்டி தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

"யாருங்க அட்மிட் ஆவறது?"

"நாங்க மூணு பேருமேதாங்ணா" என்றான் குமரேசன்.

கொஞ்ச தூரம் யோசித்துவிட்டு, "மூணு பேருக்கு ஒரு போர்வ பத்தாதே" என்றார்.

லிப்ட் திறந்ததும் நர்ஸ் தொப்பி வைத்த ஒரு பெண் எதிரில் வந்து, "பேஷண்ட் எத்தன பேரு, அட்டெண்டர் எத்தன பேரு?" என்று கேட்டாள். அங்கே பேஷண்ட் என்றால் குடிப்பவர், அட்டெண்டர் என்றால் குடிக்காதவர். இவர் முன்னால் போய், "நான் அட்டெண்டருங்க" என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டில்களில் ஆட்கள் சாய்ந்து உட்கார்ந்து கோழி தின்றுகொண்டிருந்தார்கள். ஸ்டாண்டுகளில் சிவப்பும் பச்சையுமாகப் பைகள் தொங்கின. அதிலிருந்து குழாய் வழியாக வாயில் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் இதயம் துடிக்கிற சத்தத்துக்கு மேளம் சேர்த்து ஒரு பாட்டு ஓடியது.

அவர் முகத்தைப் பார்க்க நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். முகத்தில் ஒன்றும் ஆகவில்லை. "வெளையாட்டுக்குக் கட்டியிருக்காங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். "செரி" என்று செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

எல்லாருக்கும் பின்னால் முடிச்சுப் போடுகிற நீல அங்கி கொடுத்தார்கள். குமரேசனைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஒரு பையன் தள்ளினான். இவர் அவனை விலக்கிவிட்டு, "உடு சாமி, முன்னாடிச் சக்கரம் ஒரு பக்கமா இழுக்குது, நான் தள்றேன்" என்று அவரே தள்ளிக்கொண்டு போய்க் கட்டில் பக்கத்தில் நிறுத்தினார். மெத்தையை அமுக்கிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். "சுத்தமா வெச்சிருக்காங்க. கொசுவலதான் இல்ல" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு கூட்டம் பிறந்தநாள் பாட்டைக் கத்திப் பாடியது. இவர் திரும்பி, உதட்டில் விரலை வைத்து, "பேஷண்ட் இருக்கற எடமுங்க" என்றார். அவர்கள் உடனே அடங்கிவிட்டார்கள். அங்கியும் வேட்டியும் பையுமாக நிற்கிற அவரை அந்த பாரில் வேலை செய்கிறவர் என்று நினைத்துவிட்டார்கள். அதில் ஒருவன் வந்து, "செமயா பண்றீங்கய்யா" என்று சொல்லி அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். அவர் போட்டோவுக்கும் அதே முகத்தைத்தான் காட்டினார்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், இருபத்தைந்து வயது இருக்கும். கட்டில் கட்டிலாகப் போய் என்ன கஷ்டம் என்று கேட்டு, அதற்கேற்ற சரக்கைக் கலந்து தருவது அவர் வேலை. குமரேசன், "மனசு பாரமா இருக்குதுங்க டாக்டர்" என்றான். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை அவன் பர்ஸ் வைத்திருந்த இடத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, "பாரம் இங்கதான் இருக்குது, எறக்கிரலாம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். எனக்குத் தூக்கமில்லை என்றேன். ஆரஞ்சு நிறத்தில் என்னமோ வந்தது. சலீமுக்கு ஊசிக் குழாயில் எலுமிச்சை ஜூஸ்.

"ஐயாவுக்கு என்ன பிரச்சன?" என்று அவரிடம் திரும்பினார் டாக்டர்.

"நான் கூட வந்தவனுங்க."

"இங்க வந்துட்டா எல்லாரும் பேஷண்ட்தானுங்கய்யா. ஒக்காருங்க."

நாங்களும் விடவில்லை. தோளைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தோம். இத்தனை வருடத்தில் அவர் ஒரு கட்டிலில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கால் தரையில் எட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்துக் கூட்டமும் போனை நீட்டிக்கொண்டு வந்து நின்றது.

"முழுங்கறதுக்குச் செரமமா இருக்குதுங்க" என்றார்.

"எத்தன நாளா?"

"ஆடி நோம்பிக்கு முந்தியிருந்துங்க. மொதல்ல இட்லி நின்னுச்சு. களி எறங்குச்சு. அப்பறம் களியும் நின்னுபோச்சு. இப்பக் கஞ்சிதாங்க. அதுவும் நெஞ்சுல வந்து ஒக்காந்து, கொஞ்ச நேரம் யோசிச்சுப்போட்டுத்தான் எறங்குது."

யோசித்துவிட்டு இறங்குகிற கஞ்சிக்குப் பெரிய சிரிப்பு. அவர் எங்களைப் பார்க்கவில்லை. டாக்டரையே பார்த்துப் பேசினார். டாக்டரிடம் எதையும் மறைக்காமல் முதலிலிருந்து வரிசையாகச் சொல்லவேண்டும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர். அந்த வரிசையில்தான் சொன்னார்.

"வேட்டி ரெண்டு சுத்து அதிகமாச் சுத்துதுங்க."

"அடடா! இதுக்கு நம்மகிட்ட ஒரு மருந்து இருக்குது. வாயில வெச்சாப் போதும், வழுக்கிக்கிட்டுப் போயிரும்" என்றார் டாக்டர். கைதட்டினார்கள்.

"ராத்திரி படுத்தா மேல வருதுங்க. போன வாரம் கொஞ்சம் ரத்தம் வந்துச்சு. ஊட்டுல சொல்லலீங்க."

முதலில் சிரிப்பை நிறுத்தியவன் சலீம். பிறகு நான். குமரேசன் சிரித்துக்கொண்டே இருந்தான், சலீம் அவன் முழங்காலை அழுத்தினான். போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அந்த டாக்டர் பையன் கழுத்திலிருந்து ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"ஐயா, நான் ஓட்டல் கோர்ஸ் படிச்சவனுங்க. ராசிபுரமுங்க எனக்கு" என்றான்.

"தெரியும் கண்ணு. அதனாலதான் உங்கிட்டச் சொன்னேன். நெஜ டாக்டர்கிட்டச் சொன்னா எழுதிப்போடுவாங்கல்ல."

ஸ்பீக்கரில் இதயம் துடித்துக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தச் சொல்லி யாரோ போய்ச் சொன்னார்கள். பையன் உள்ளே ஓடி, வேலைக்காரர்கள் குடிக்கிற எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர் கொண்டுவந்தான். "மெதுவாக் குடிங்கய்யா" என்றான். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார். காத்திருந்தார். பிறகு இன்னொரு வாய். நாங்கள் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு இளைத்திருந்தார் என்று அப்போதுதான் கண்ணில் பட்டது.

குமரேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏனுங்ணா எங்ககிட்டச் சொல்லுல?"

"சொன்னா நீங்க கூட வருவீங்க."

"வந்தா என்னங்ணா?"

"உங்களுக்கு ஒண்ணுந் தெரியாதே சாமி."

எதிர்க் கட்டடத்திலேயே வயிற்று டாக்டர் ஒருவர் இருக்கிறார், ஒன்பது மணி வரை பார்ப்பார், பார் முதலாளிக்குக்கூட வைத்தியம் அவர்தான் என்று அந்தப் பையன் சொன்னான். சலீம் எழுந்துவிட்டான். அவர் எழவில்லை. முன்கூட்டியே டோக்கன் போடவேண்டும் என்றார். வெறும் வயிற்றோடு வரச்சொல்வார்கள் என்றார். செவ்வாய்க்கிழமை வேண்டாமே என்றார். அன்றைக்கு வியாழன். பழைய பேப்பரெல்லாம் கேட்பார்கள் என்றார்.

"பழைய பேப்பர் இருக்குதா?" என்றான் சலீம்.

"இல்ல பாய்."

"அப்பப் புதுசாப் போட்டுக்கலாம். எந்திரிங்கண்ணா."

"நாந் தனியாப் போய்க்கறேன், நீங்க சாப்புடுங்க" என்றார். ஊரில் ஒருவரையும் ஆஸ்பத்திரிக்குத் தனியாக விடாதவர் சொன்னது இது. சலீம் அந்தப் பையைத் தூக்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். அதற்கப்புறம்தான் அவர் கட்டிலிலிருந்து இறங்கினார்.

ஏற்காடு ரோட்டை நான் அவ்வளவு சுலபமாக என்றைக்கும் கடந்ததில்லை. நீல அங்கியோடு நான்கு பேர் வருவதைப் பார்த்து இரண்டு பக்கமும் வண்டிகள் தாமாக நின்றன. ஒரு ஸ்கூட்டர்காரர், "பாத்துங்க, பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்று என்னிடமே சொன்னார். குமரேசன் தன் சரக்கு இருந்த சிவப்புப் பையைக் கையில் தூக்கிப் பிடித்தபடியே வந்தான். அதை வைத்துவிட்டு வர அவனுக்குத் தோன்றவில்லை.

கிளினிக்கில் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் எங்களைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டாள். "எந்த ஆஸ்பத்திரியில இருந்து வர்றீங்க? டிஸ்சார்ஜ் ஆகாமயே வந்துட்டீங்களா?"

"எதிர் பார்ல இருந்துங்க" என்றான் சலீம்.

அவள் குமரேசன் கையிலிருந்த பையை மோந்து பார்க்கிற தூரத்தில்தான் இருந்தாள். "இதுல பேஷண்ட் யாரு?" என்றாள்.

மூன்று பேரும் அவரைக் காட்டினோம். அவர் திரும்பித் தன் பின்னால் பார்த்தார்.

உள்ளே கட்டிதான் இருந்தது. மறுநாள் காலை குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கஷ்டம், இப்போது எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். நான் பக்கத்திலிருந்த நர்ஸின் முகத்தைப் பார்த்தேன். அவர் மாஸ்க் போட்டிருந்தார்.

அவர் மனைவிக்குத் தகவல் சொல்லும் வேலை எனக்கு வந்தது. அந்த அம்மாள் கேட்டுவிட்டு எழுந்து போனார். கோழிகளை அடைத்துவிட்டு வந்து, "அந்தப் பைய என்ன பண்ணுனீங்க? அங்கயே இருக்குதா? செரி, அப்ப நான் சும்மாவே வரலாம்" என்றார்.

ஆபரேஷன் பெரியது. ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்தபோது மூக்கில் ஒரு குழாய், விலாவில் ஒரு குழாய். பேச முடியாது. குரலுக்குப் போகிற நரம்பு வாடியிருக்கிறது, தேறச் சில மாதம் ஆகும் என்றார்கள். நாங்கள் மூன்று பேரும் முறை போட்டுக் கூட இருந்தோம். அவர் சொன்னது சரி, எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் அவருடைய பிளாஸ்க்கின் மூடியைத் தொலைத்தேன். குமரேசன் வார்டுக்குள் பிரியாணி வாங்கி வந்து திட்டு வாங்கினான்.

ஆனால் பேச்சுக்குக் குறைவில்லை. ஊர் முழுக்க அவருக்குக் கடமைப்பட்டிருந்தது. ஒவ்வொருவராக வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் அவர்களுக்குச் செய்ததையே திருப்பிச் செய்தார்கள். இதே ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் கதைகள், அவர்கள் இப்போது என்ன சாப்பிடுகிறார்கள், எத்தனை பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். திருச்செங்கோட்டுப் பெரியப்பாகூட வந்திருந்தார். வெகுநேரம் பேசினார். இவர் முதலில் தலையாட்டிக்கொண்டிருந்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"தூங்கறாரு, பாவம்" என்று எழுந்தார் பெரியப்பா.

"தூங்குலீங்க அவரு" என்றார் இவர் மனைவி.

அந்த அம்மாள் மட்டும் வந்த நாளிலிருந்து அவரிடம் பேச்சுக் கொடுக்கவே இல்லை. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வைக்கு மேலாக அவர் பாதத்தின்மேல் கையை வைத்திருப்பார். எல்லாரும் போன பிறகு அவர் கண்ணைத் திறந்து, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

தேறிவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடவேண்டும் என்பதைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. குரல் மட்டும் பழையபடி வரவில்லை, மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். ஊரில் யாருக்கோ நெஞ்சுவலி என்று வழக்கம்போல அவருக்குப் போன் போனது. "நான் வரல சாமி" என்றார். அடுத்த தடவையும் அப்படித்தான். தனக்கு ஆனதும் பயந்துவிட்டார் என்றார்கள். காரியம் முடிந்ததும் ஊரை மறந்துவிட்டார் என்றும் சொன்னார்கள். நான் நேரிலேயே கேட்டேன்.

மரவள்ளிக் காட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். "படுத்துப் பாத்தப்பறந்தான் தெரிஞ்சுது சாமி. எத்தன பேரத் தூங்க உடாமப் பேசியிருக்கேன்" என்றார். அவ்வளவு பேசியதற்கே மூச்சு வாங்கியது. அவங்களுக்கெல்லாம் ஆறுதலாகத்தானே இருந்தது என்றேன். "எங்கிட்ட அப்படிச் சொன்னாங்க. நானும் அந்தத் திருச்செங்கோட்டுக்காரருகிட்ட அப்படித்தான் தலையாட்டுனேன்."

சில மாதங்கள் கழித்து மறுபடி ஆஸ்பத்திரிகளுக்குப் போக ஆரம்பித்தார். எப்போது, யாருக்காக என்று எனக்குத் தெரியாது. வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார், ஒன்றும் சொல்வதில்லை என்று மட்டும் கேள்விப்பட்டேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. பழைய ஆள் போய்விட்டார் என்றார்கள்.

போன தை மாதம் அவர் இறந்துபோனார். மத்தியானம் கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டு வீட்டில் படுத்தவர்தான். கட்டியுமில்லை, ஆஸ்பத்திரியுமில்லை. யாரும் கூடப் போகும்படி அவர் வைக்கவில்லை. அந்த பாரும் அதற்கு முன்பே மூடிவிட்டது. இப்போது அந்த மாடியில் நிஜமாகவே ஒரு ஸ்கேன் சென்டர் இருக்கிறது.

அவர் போவதற்கு முந்தின வருடம் எனக்கு டெங்கு வந்து ராசிபுரத்தில் படுத்திருந்தேன். எலும்பெல்லாம் வலி, வெளிச்சம் பட்டால் தலை பிளந்தது. பார்க்க வந்தவர்கள் பப்பாளி இலைச் சாற்றைப் பற்றிப் பேசினார்கள். நான் தூங்குகிறவன்போலக் கண்ணை மூடிக்கொள்வேன். என் மனைவி வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிய மத்தியானத்தில் அவர் வந்தார். என் காலைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை. கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார்.

"இருக்கட்டுமா சாமி, போவட்டுமா?" என்றார், அந்த உடைந்த குரலில்.

என்னை அந்த வாரத்தில் எத்தனையோ பேர் என்னென்னவோ கேட்டிருந்தார்கள். இதை யாரும் கேட்கவில்லை. போகச் சொன்னால் போய்விடுவார், வருத்தப்படமாட்டார் என்பது தெரிந்தது. அதனால்தானோ என்னவோ யோசிக்கவேண்டியிருந்தது. யோசித்து முடிக்கும்வரை நின்றார்.

"இருங்ணா" என்றேன்.

ஸ்டூலை எடுத்து ஜன்னலுக்கும் எனக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். முகத்தின்மேல் அடித்துக்கொண்டிருந்த வெயில் நின்றது. நான் கண்ணை மூடினேன். இந்தத் தடவை நிஜமாகவே தூங்கினேன்.